சும்மா தெரு

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பதே பிழைப்பு என்றாகி அவளுக்கு இருபது வருஷம் போல ஓடிவிட்டது. வீட்டில் அம்மா, அலுவலகத்தில் அக்கா, தெருக்களில் சர்வேக்கா. கொசுவலை வந்த காலத்தில் வலைக்குள்தான் படுத்தீர்களா என்று கேட்டாள். புகையில்லா அடுப்பு வந்தபோது அடுப்பைப் பற்றி, தண்ணீரில் போடும் மாத்திரை வந்தபோது தண்ணீரைப் பற்றி. கேட்டுக் கேட்டு, வீட்டுப் பேச்சும் அந்த வாக்கில்தான் வருகிறது. "சாப்பிட்டாச்சா, இல்லையா, பாதியில வச்சிட்டீங்களா?" என்று அவள் கேட்டால், ராத்திரிக் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கி எழும் கணவர், "மூணாவதுல டிக் போட்டுக்கோ" என்பார்.

வேலையின் அடிப்படை எப்போதும் ஒன்றுதான். பாதித் தெருக்களுக்கு ஒன்றைக் கொடுப்பார்கள், மீதிக்குக் கொடுக்கமாட்டார்கள். எது எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். பிறகு இரண்டு பக்கமும் போய் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். பதில்களில் வித்தியாசம் இருந்தால், கொடுத்ததால் வந்த பலன். இல்லையென்றால் பலன் இல்லை. அலுவலகத்தில் ஒன்றுக்குத் திட்டத் தெரு என்று பெயர், மற்றதற்கு ஒப்பீட்டுத் தெரு. அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் கொடுத்த தெரு, சும்மா தெரு.

சும்மா தெருவுக்குப் போவதுதான் பெரும்பாடு. ஒன்றும் தராமல், தரப்போவதாகவும் சொல்லாமல், அவர்களுடைய ஒரு முழு மாலையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அப்படியும் அவர்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் அவளுக்குத் தொண்டையில் இறங்காது.

கடைசியாக வந்தது குழந்தைக் காப்பகம். தெருமுனையில் ஒரு வாடகை வீடு, இரண்டு ஆயா, பிள்ளையை விடக் காசு கிடையாது. காப்பகம் இருக்கும் தெருவில் தாய்மார் கூடுதலாக வேலைக்குப் போகிறார்களா என்பதுதான் கேள்வி. போகிறார்கள் என்று தெரிந்தால் ஊர் முழுக்கத் திறப்பார்கள். இல்லையென்றால் இருப்பதையும் மூடிவிடுவார்கள்.

குலுக்கல் இந்த முறை கம்ப்யூட்டரில் நடந்தது. "கம்ப்யூட்டருக்கும் மாமன் மச்சான் இருப்பான்" என்று வார்டு ஆபீஸ் வாசலில் ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய மகள் குடியிருக்கும் தெருவுக்குக் காப்பகம் விழுந்திருந்தது. மாமன் மச்சான் கணக்கில் தன்னையும் சேர்த்துவிடுவார்களோ என்று இருந்தது.

மகளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மருமகன் லாரியில் போகிறவர். வந்தால் உண்டு, வராவிட்டால் போன் உண்டு. பேரனுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. காப்பகம் திறந்த பிறகுதான் மகள் முழுநேரத்துக்கு மாறினாள். வேலை நிரந்தரமாகும் என்று மேஸ்திரியம்மா வாயால் சொல்லவும் சொல்லிவிட்டார். வீடு கொஞ்சம் மூச்சு விட்டது.

சொந்தக்காரர் இருக்கும் பக்கம் போகக்கூடாது என்பது அலுவலக விதி. அதனால் அவளுக்கு வந்ததெல்லாம் சும்மா தெருக்கள். அதில் ஒன்று, வீட்டிலேயே துணி தைக்கும் டெய்லரம்மாவின் தெரு.

முதல் சுற்றில் அங்கே பெண்கள் ஒளிக்காமல் பதில் சொன்னார்கள். வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? "யாரும் இல்லக்கா. உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவேன்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பழைய துணியால் கட்டில் காலில் கட்டிவைப்பதாகச் சொன்னாள். "நீளமாத்தான் கட்டுவேன், குடம் வரைக்கும் போகும்" என்று சேர்த்துக்கொண்டாள். பாதிப் பேர் வேலைக்கே போகவில்லை. பதிலைக் கேட்டு முகத்தில் எதுவும் காட்டக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். அவள் எழுதினாள், தலையாட்டினாள், எழுந்து வந்தாள். ஆனால் இருபது வருஷப் பயிற்சியையும் மீறி அந்த முகத்தில் என்னவோ தெரிந்திருக்க வேண்டும்.

அரை வருஷம் கழித்துப் போனபோது டெய்லரம்மா வீட்டு வாசலில் குறுக்கே ஒரு பலகை அடித்திருந்தது, முழங்கால் உயரத்துக்கு. தாண்டி உள்ளே பார்த்தால் எட்டுப் பத்துப் பிள்ளைகள். தையல் மெஷினைச் சுற்றி அட்டைப்பெட்டியால் வேலி. கத்தரிக்கோல் எட்டாத உயரத்தில் ஆணியில் தொங்கியது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறைய வெட்டுத்துணி. அதற்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்து மகாராஜா மாதிரி பார்த்தது.

"என்ன டெய்லரம்மா இது?"

"நீங்கதானே கேட்டுட்டுப் போனீங்க, யாரு பாத்துக்குறா யாரு பாத்துக்குறான்னு? பூட்டிட்டுப் போறோம்னு உண்மையச் சொன்னோம். அதனாலதான் எங்களுக்குக் காப்பகம் தரலன்னு தெருவுல ஒரே பேச்சு. இந்தத் தடவை நல்ல பதிலா இருக்கணும்ல?"

"அய்யோ, அது குலுக்கல்லம்மா. பதிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் டெய்லரம்மா. "நீங்க எழுதிக்கோங்க. வாரத்துக்கு ரெண்டு பேரு முறை போட்டு என்கூட இருக்காங்க. கை கழுவித்தான் சாப்பாடு. எழுதினீங்களா?"

எழுத இடமில்லை. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்குத் தாய், தகப்பன், மாமியார், மூத்த பிள்ளை, பக்கத்து வீடு, யாருமில்லை என்று இருந்தது. பக்கத்து வீடு என்று போட்டாள்.

டெய்லரம்மாவின் பேச்சு ஒரு தெருவோடு நிற்கவில்லை. அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் நாலு தெரு தள்ளியும் இருந்தார்கள். மற்ற சும்மா தெருக்களிலும் ஒன்றிரண்டு வீட்டு வாசலில் பலகை முளைத்தது.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் அலுவலகத்தில் கூட்டம். ஆய்வை நடத்துபவர் டாக்டரம்மா. பொருளாதாரத்தில் டாக்டர். அது தெரியாமல் முதல் மாதம் ஒரு பெரியவர் அவரிடம் முதுகைக் காட்டி மாத்திரை கேட்டார். தெரிந்த பிறகும் இருந்தால் கொடுங்களேன் என்றார். கெட்டிக்காரி, நல்ல மனுஷி, சரியாகத் தூங்கி நாளான கண்கள்.

"ரெண்டு பக்கமும் தாய்மார் வேலைக்குப் போறது கூடியிருக்கு. கிட்டத்தட்ட ஒரே அளவு. கடைசிச் சுற்றும் இப்படியே வந்தா, பலன் இல்லைன்னுதான் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அவள் டாக்டரம்மாவிடம் போய் டெய்லரம்மா வீட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார்.

"தெரியும்க்கா. போன சுற்றுல பக்கத்து வீடுன்னு அத்தனை பேரு வந்ததுமே நான் போய்ப் பாத்தேன். காப்பகம் இருக்குற தெருவை, இல்லாத தெருவோட ஒப்பிடுறோம்னு நெனச்சோம். தாங்களே ஒண்ணை உண்டாக்கிக்கிட்ட தெருவோட ஒப்பிட்டிருக்கோம்."

"அப்போ அதை எழுதலாமே மேடம்."

"எழுதுவேன். உள்ள ஒரு பக்கம் முழுக்க எழுதுவேன். முடிவு பண்றவங்க முதல் பக்கத்தோட நிறுத்திடுவாங்க." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "காப்பகம் பிள்ளைகளுக்கு நல்லதா, பலகை அடிச்ச வீடு போதுமா, அந்த டெய்லரம்மா படுத்துட்டா என்னாகும், இதெல்லாம் நல்ல கேள்விக்கா. அதுக்கு யாரும் பணம் கொடுக்கல. நம்மகிட்ட கேட்டது ஒரே கேள்வி. அதுக்கு இதுதான் பதில்."

திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் அவள் வீட்டுக்கு வந்தாள்.

கடைசிச் சுற்றில் டெய்லரம்மா தன் வீட்டிலேயே எல்லோரையும் வரச்சொல்லியிருந்தாள். வேலை முடிந்து வந்த பெண்கள் பலகையைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் அடையாளம் கண்டு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டன. முதலில் உட்கார்ந்தவள், கட்டில் காலில் பிள்ளையைக் கட்டிவைத்தவள். இப்போது பாட்டில் கம்பெனியில் மூடி திருகும் வேலை.

போன மாதம் வீட்டுக்கு வெளியே சம்பளத்துக்கு வேலைக்குப் போனீர்களா? கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

டேப்லெட்டை அவள் தன் மடியில் சாய்த்து வைத்திருந்தாள். எதிரே இருப்பவருக்குத் திரை தெரியாது. இல்லை என்பதில் ஒரு தொடுதல். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு, அடுத்த தெருவில் பாதிப் பேருக்கு. கொடுத்த தெருவுக்கும் சும்மா தெருவுக்கும் வித்தியாசம் வந்துவிடும். மேற்பார்வையாளர் ஒருத்தர் மறுபடி சரிபார்க்க வருவார்தான். பத்து வீட்டுக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். காப்பகம் பிழைத்துக்கொள்ளும். மகள் வேலை நிலைத்துவிடும். பொய் போடத் தெரியாதவள் இல்லை அவள். பூட்டிய வீட்டுக்கு மூன்றாம் தடவை நடக்க முடியாமல், பதில் தர மறுத்தார்கள் என்று போட்டு மூடியிருக்கிறாள். அப்படிப் போடாத சர்வே ஆள் ஊரில் உண்டா என்ன?

"போனீங்களாம்மா, வேலைக்கு?" என்று கேட்டாள்.

"போகாம? தினம் போறேன்க்கா. போன வாரம் கை நறுக்கிடுச்சு, அப்பவும் போனேன். சூப்பர்வைசர் நீ வீட்டுக்குப் போன்னாரு. நான் போகல." அந்தப் பெண் கட்டுப் போட்ட விரலை உயர்த்திக் காட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், போட்டோவுக்கு உட்காருவது போல. "போட்டுட்டீங்களாக்கா?"

இல்லை என்று தொட்டால் இவள் மறுபடி வீட்டுக்குள் போய்விடுவாள். கணக்கில்தான், யாருக்கும் தெரியாதுதான். ஆனாலும் இத்தனை பாடுபட்டு வெளியே வந்து உட்கார்ந்திருப்பவளைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்கு விரல் வரவில்லை.

"போட்டாச்சும்மா" என்றாள். ஆம் என்றுதான் போட்டிருந்தாள். அடுத்தவளுக்கும் அப்படியே. ஒன்றை உண்மையாகப் போட்ட பிறகு மற்றதைப் பொய்யாகப் போட அலுப்பாக இருந்தது.

கொஞ்ச காலம் சத்தமில்லாமல் போயிற்று. பிறகு மகளின் தெருக் காப்பகக் கதவில், மாத முடிவோடு மூடப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அன்றைக்கு மகள் சலவைக்கூடத்துச் சோப்பு வாடையோடு நேராக அம்மா வீட்டுக்கு வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.

"இது உங்க ஆபீஸ் வேலைதானே? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"மாத்திப் போடுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிள்ளையை இறக்கிவிட்டு, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "இப்ப நான் வேலைய விட்டுட்டா, அதையும் நீதான் வந்து எழுதுவியாம்மா?"

பாயில் புரண்டு படுத்த கணவர், "நான் வேணும்னா பாத்துக்கிறேன், பகல்ல" என்றார்.

"நீங்க தூங்குவீங்க, அவன் ரோட்டுல நிப்பான். சும்மா இருங்கப்பா" என்றாள் மகள்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் பேரனைத் தூக்கிக்கொண்டு டெய்லரம்மா வீட்டுக்குப் போனாள். தூரம் ஒன்றும் குறைவில்லை, ஒரு பஸ் மாறிப் போக வேண்டும். டேப்லெட் பை இல்லாமல் அந்தத் தெருவில் நடப்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

டெய்லரம்மா மெஷினிலிருந்து எழுந்தே விட்டாள். "வாங்க சர்வேக்கா! ரிசல்ட் வந்துடுச்சா? பாஸா நாங்க?"

அவள் வாசல் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றாள். "நல்லா பண்ணியிருக்கீங்கன்னுதான் வந்திருக்கு."

"பாத்தீங்களா! அப்போ காப்பகம் எப்போ?"

"காப்பகம் கிடையாதும்மா. எந்தத் தெருவுக்கும் இல்ல. இருக்குறதையும் மூடுறாங்க."

"ஏன்?"

"அது இல்லாமலே நீங்க நல்லா இருக்கீங்க. அப்போ அது எதுக்குன்னு கேக்குறாங்க."

உள்ளே ஒரு பிள்ளை இன்னொன்றின் தலைமயிரைப் பிடித்து இழுத்தது. டெய்லரம்மா திரும்பாமலே கையை நீட்டிப் பிரித்துவிட்டாள்.

"அப்போ பூட்டியே வச்சிருக்கணும்" என்றாள். "கட்டில்லயே கட்டிப்போட்டிருக்கணும். முட்டாள் பொம்பளைங்க நாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க."

"பின்ன எப்படிச் சொல்ல? என் இடுப்பப் பாருங்க, நிமிர முடியல. தைக்கக் குடுத்த துணி அப்படியே கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான், காப்பகம் வந்துடும், வந்துடும்னு சொல்லித்தான் இத்தனையும் இழுத்தேன்." பிறகுதான் டெய்லரம்மாவின் பார்வை, எதிரே நின்றவளின் இடுப்பில் இருந்த பிள்ளைமீது போயிற்று. "இது யாரு?"

"பேரன். மக பிள்ளை."

"எந்தத் தெரு?"

"காப்பகம் கொடுத்த தெருதான்."

டெய்லரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. "குலுக்கல்ல விழுந்தவங்க விழாதவங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறீங்க."

அவள் பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். எத்தனையோ வாசலில் நின்று எத்தனையோ பேரிடம் பதில் வாங்கியவள்தான். தனக்கென்று ஒன்றைக் கேட்பதற்கு வார்த்தை அமையவில்லை.

"இடமில்ல" என்றாள் டெய்லரம்மா. பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். "நடக்குதா?"

"நடப்பான்."

"கடிக்குமா?"

"இல்லை... எப்பவாவது."

"மதியம் வரைக்கும்தான். சாப்பாடு நீங்க கொண்டாரணும். காய்ச்சல்னா இந்தப் பக்கமே வரக்கூடாது. வாரத்துல ஒரு நாள் நீங்க முறைக்கு இருக்கணும், உங்க மக இல்ல, நீங்க. எனக்கு இடுப்புக்கு ஆள் வேணும்."

மதியம் வரைக்கும் என்றால் மகளுக்கு அரைநாள் வேலைதான், நிரந்தரம் என்ற பேச்சு போயிற்று. வாரத்தில் ஒரு நாள் என்றால் அலுவலகத்தில் அடுத்த சர்வேக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் அவள் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு" என்றாள் டெய்லரம்மா. "இனிமே யாராவது கேள்வி கேக்க வந்தா, என்ன சொன்னா குடுப்பாங்கன்னு முன்னாடியே வந்து சொல்லிடணும். அதையே சொல்லிட்டுப் போறோம். உண்மையச் சொல்லியும் பாத்தாச்சு, நல்லாப் பண்ணியும் பாத்தாச்சு."

சரி என்று சொன்னால் இருபது வருஷ வேலைக்கு அர்த்தம் இல்லை. முடியாது என்று சொன்னால் பேரனுக்கு இடமில்லை. அவள் குனிந்து பிள்ளையின் செருப்பைக் கழற்றி, வாசலில் கிடந்த குட்டிச் செருப்புகளோடு வைத்தாள். பிறகு அவனைத் தூக்கிப் பலகைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டாள்.