பெட்டிக்காரர் அடைத்த பன்னிரண்டு வண்டிகள்

அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெட்டி செய்து விற்கிறவர் அல்ல. லாரிக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடும். மொத்த வண்டியும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய வண்டிகளில் அந்தச் சட்டத்துக்கு மூன்று பக்கம்தான். ஒரு பக்கம் திறந்து கிடக்கும். பாரம் ஏற்றி ஏற்றிக் குழிச் சாலையில் ஓட்டினால் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். அவர் அந்தத் திறந்த பக்கத்தில் தகடு வைத்து, நுனி முதல் கடைசி வரை வெல்டிங் செய்து பெட்டியாக அடைத்துவிடுவார். அப்புறம் எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி முனகாது.

என் ரேடியேட்டர் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் கைவேலையில் இன்னொரு விசேஷம் உண்டு. பிரேக் எண்ணெய் போகிற மெல்லிய குழாயையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே விட்டு மூடிவிடுவார். "வெளிய விட்டா கல்லு அடிக்கும், கம்பி கிழிக்கும். உள்ள விட்டா எவன் தொடப்போறான்?" என்பார். கடைசியில் தார் போலக் கெட்டியான கறுப்புப் பூச்சு. தண்ணீர் புகக்கூடாது என்று ஊசி போகிற ஓட்டையைக்கூட விட்டுவைக்காமல் அடைப்பார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். அப்படிப் பன்னிரண்டு வண்டிகள் செய்தார். முதல் வண்டி அவருடைய மச்சானுடையது, அதாவது அவர் மனைவியின் தம்பியுடையது.

மச்சான் மீன் ஏற்றுகிறவன். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் நாள் முழுக்க அந்தச் சட்டத்தின்மேல் சொட்டும். "மாமா, எனக்குப் பல்லு கொட்டினாலும் இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று வரும்போதெல்லாம் சொல்வான். ஆறு வருஷம் ஓட்டினான்.

ஒரு காலையில் மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. பழைய வண்டி, ஒரே குழாய்தான். அது விட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. கீழே பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவன் வண்டியை ஒடித்து ஒரு கிடங்குச் சுவரில் மோதினான். வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை. அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

விசாரித்த அதிகாரி, ஓட்டுநர் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று எழுதிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, நசுங்கிய வண்டியை உடைத்துப் போடுவதற்காகப் பெட்டிக்காரர் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். இடது பக்கச் சட்டத்தை அவர் வெட்டித் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து சிவப்புச் சேறு வழிந்தது. துரு ஏடு ஏடாக, கை கையாக வந்தது. நடுவில் அந்தக் குழாய். இரண்டு விரலால் எடுத்தார். காய்ந்த குச்சி மாதிரி ஒடிந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெல்டிங் சூட்டுல உள்பக்கத்துப் பெயிண்ட் பூரா எரிஞ்சிருக்கும். அது எனக்குத் தெரியும்ல? உள்ள ஒரு சொட்டு எண்ணெய் அடிக்கல. மயிரிழை விரிசல்ல புகுந்த தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை விடல. வெளிய மட்டும் மினுக்கி வெச்சிருக்கேன்."

நான் சொன்னது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. "யாருக்கும் தெரியாதுண்ணே. நாளைக்குப் பழைய இரும்போட போயிடும். வாயத் திறக்காதீங்க" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒடிந்த குழாயை ஒரு துணியில் சுற்றினார். முதலில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை. "தம்பி பொண்டாட்டிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தனியாகப் போகப் பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மச்சான் மனைவி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். "வாங்கண்ணா" என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, துணியைப் பிரித்துக் காட்டினார். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"மூணு வாரமா எல்லாரும், வண்டியைப் பாத்துக்கல, பாத்துக்கலன்னு சொல்றாங்க. நானும் நம்பிட்டேன். குழந்தைய வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியேன்னு அவரு போட்டோ முன்னாடி நின்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன்ணா."

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லும்மா."

"உங்களச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவரு மேல எழுதினத அழிக்கச் சொல்லுங்க. போய் எழுதிக் குடுங்க. அப்புறம் இந்த வீட்டுக்கு வராதீங்க."

எழுதிக் கொடுத்தார். முடிந்த வழக்கை ஏன் கிளறுகிறாய் என்று அதிகாரி எரிந்து விழுந்தார். இரண்டு மாதம் நடையாய் நடந்த பிறகு அறிக்கையைத் திருத்தினார்கள். அந்தத் தாளை அவளுக்குத் தபாலில் அனுப்பினார்.

மிச்சம் பதினோரு வண்டிகள் இருந்தன. டிரில், கைவிளக்கு, ஒரு நீளமான ரப்பர் குழாய், துருவைத் தடுக்கிற மெழுகு எண்ணெய் ஒரு டப்பா. இவற்றைத் தூக்கிக்கொண்டு வண்டி வண்டியாகத் தேடிப் போனார். சட்டத்தில் அங்கங்கே வெட்டித் திறப்பார். உள்ளே இருப்பதைச் சுரண்டிக் கழுவிக் காயவைப்பார். தாழ்ந்த இடங்களில் வடிகிற ஓட்டை போடுவார். ரப்பர் குழாயை உள்ளே விட்டு, அந்த ஓட்டைகள் வழியாகச் சொட்டுகிற வரை மெழுகு எண்ணெய் அடிப்பார். பிரேக் குழாயைப் புதிதாக வெளியே எடுத்து, கல் அடிக்காதபடி சட்டத்தின் உள்புறத்தை ஒட்டியே கொண்டுபோய், சாணுக்கு ஒரு கிளிப் போடுவார். இரும்பைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம்.

"கண்ணுக்குத் தெரியணும், கை போய்த் தொடணும்" என்பார்.

"டாக்டர் வீடு தேடி வந்தாலே வயித்தக் கலக்கும், நீங்க டிரில்லோட வர்றீங்களே" என்று சிரித்தார் ஒரு காய்கறி லாரிக்காரர். திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குழாய் நகம் பட்டதும் பிளந்தது. இன்னொருவர் நாயை அவிழ்த்து விட்டார். மறுநாள் அவரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்பது வண்டிகள் முடிந்தன. அதில் நாலு வண்டியில் குழாய், பிரேக்கை இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் போயிருக்கும்.

செங்கல் லாரி முதலாளி மட்டும் மசியவில்லை.

"உன் மச்சான் செத்ததுக்கு என் வண்டிய ஏன்யா வெட்டணும்?"

"சார், ஒரு அரை நாள் குடுங்க. திறந்து பாத்துட்டு மூடிடறேன்."

"அரை நாள் நிறுத்தினா லோடு உங்கப்பனா எடுப்பான்? போய்யா."

மூன்று நாள் அந்தக் கேட் முன்னால் நின்றார். டிரைவரிடமாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மழை பிடித்த இரண்டாவது வாரம் அந்த லாரி பிரேக் பிடிக்காமல் மரத்தில் மோதியது. டிரைவருக்கு இடது காலை முட்டிக்கு மேலே எடுக்கவேண்டியதாயிற்று. பெட்டிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்று, தான் யார் என்று சொன்னார். டிரைவர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

"கேட்டுல ஒரு ஆளு நின்னுட்டிருந்தாரே, அது நீங்கதானா? பைத்தியம்னு சொன்னாங்க" என்றான்.

பன்னிரண்டாவது வண்டி இரண்டு கை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டது. நம்பரும் மாறியிருந்தது. எங்கெங்கோ போய் விசாரித்தார், கடிதம் போட்டார். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்தச் சட்டத்தையும் அடைக்கவில்லை. சைலன்சர் ஒட்டுவது, கதவுக் கீல் மாற்றுவது என்று சில்லறை வேலைகள். அதற்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். செய்த தப்பைத் தானே சொன்ன ஆளிடம் வேலை கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருப்பவர்களிடம்தான் வருகிறார்கள்.

அவர் மனைவி அவரை விட்டுப் போகவில்லை. மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவாள், வைத்துவிட்டுப் போவாள். ஒரு வருஷத்துக்கு மேல் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. போன மாதம் ஒருநாள் அவள் குரல் கேட்டது.

"அந்தக் கடைசி வண்டி கிடைச்சுதா?"

"இல்ல."

அவள் பாத்திரங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள்.