துணி மெஷினின் தாளத்தில் ஒரு பாட்டு

அந்தச் செய்தி வந்தபோது நான் ஹம்பேர்க்கில் உள்ள ஹோட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் நிரோஜினி அக்காவின் படம். அதன் கீழே, "நிரோஜினியின் பாடலோடு அவருக்கு விடைகொடுப்போம்" என்று எழுதியிருந்தது. அக்கா செத்துப்போனார் என்பது மனதில் பதியுமுன், அந்த வரியில் என் பெயரைத்தான் என் கண் தேடியது. வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் அழுகை வந்தது. இதை மறைத்து எழுதினால் அவர் சிரிப்பார்.

கழகத்து ஆட்களான உங்களுக்கெல்லாம் அவரை மேடையில் தெரியும். இருபத்தாறு வயது, பல்கலைக்கழகப் படிப்பு, யாரோடும் கூச்சமில்லாத பேச்சு. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கடைக்காரரிடம் விலை கேட்கவே எனக்குக் குரல் இறங்கிவிடும். அவரிடம் இருந்த எல்லாவற்றின் மீதும் எனக்குப் பொறாமை இருந்தது, மேடையில் அவர் போடும் அந்தச் சிவப்பு ஜாக்கெட் உட்பட.

கழகத்தின் உதைபந்தாட்டப் போட்டிக்காக எழுந்த அந்தப் பாட்டின் மெட்டு என்னுடையது. துணி உலர்த்தும் மெஷின் ஓடும் தாளத்துக்கு முணுமுணுத்து, குரல்பதிவாக அவருக்கு அனுப்பினேன். அவர் வரிகள் எழுதிப் பாடினார். போட்டியன்று அறிவிப்பாளர், "இது எங்கட நிரோஜினியின்ர பாட்டு!" என்று முழங்கினார். நான் சாப்பாட்டுக் கூடாரத்தில் நின்றேன். "என்ன பாட்டு, என்ன குரல்! பிள்ளை, ரெண்டு ரோல்ஸ் தாங்கோ" என்றார் ஒரு மாமி.

பாடி முடித்ததும் அக்கா நேரே கூடாரத்துக்கு வந்தார்.

"மைக்கில மூண்டு தரம் கூப்பிட்டனான். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறியோ?"

கூப்பிட்டது எனக்குக் கேட்டதுதான். ஆனாலும் அவர் மீதே கோபப்பட்டேன்.

இந்த வருடம் ஒரு விளையாட்டு உடை நிறுவனம் எங்களைக் கேட்காமல் அந்தப் பாட்டைத் தன் விளம்பரத்தில் போட்டது. அக்கா வழக்கறிஞரைச் சந்திக்க Termin எடுத்து என்னையும் கூட்டிப்போனார். மெட்டு யாருடையது என்று அந்த ஜெர்மன் பெண் வழக்கறிஞர் கேட்டபோது, "எல்லாம் அக்காவுடையது" என்றேன். அது பெருந்தன்மை இல்லை. அவருக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அக்கா போனை எடுத்து என் குரல்பதிவைப் போட்டார். மெஷின் தடதடத்தது. இது என்ன வாத்தியம் என்று வழக்கறிஞர் கேட்டார். "துணி உலர்த்தும் மெஷின்" என்று அக்கா ஜெர்மன் மொழியில் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள்.

படியிறங்கும்போது சொன்னார்: "நீ தந்தாலும் நான் எடுக்க ஏலாதடி. இங்கத்தைச் சட்டத்தில, பாட்டை உண்டாக்கின ஆளை விட்டு அதின்ர உரிமை போகாது."

பிறகு, "எனக்கும் உன்னில எரிச்சல்தான். மூண்டு வருசம் கீபோர்ட் பழகியும் எனக்கு ஒரு மெட்டு வரேல்லை. உனக்கு மெஷினுக்குப் பக்கத்தில நிண்டா வருது."

நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்ப எங்கள் இருவரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அக்கா வழக்கறிஞரின் மேசையிலேயே போட்டார். நான் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மெட்டு என்னுடையது என்று எழுதிக்கொடுக்கப் பயம். அவர் பெயருக்குக் கீழே இரண்டாவதாக நிற்கவும் மனமில்லை. வாரங்கள் போயின. அக்கா நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"போட்டிட்டியோ?" என்று போனில் கேட்டார்.

"நாளைக்கு, அக்கா."

"உன்ர நாளைக்கு எப்பவடி வரும்?"

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

செத்தவீடு முடிந்த மறுநாள் கையெழுத்துப் போட்டு, நானே தனியாக வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். அப்போது வழக்கறிஞர் ஒன்று சொன்னார்: இருவர் சேர்ந்து ஆக்கிய பாட்டு என்றால், இருவரில் கடைசியாக இறப்பவர் இறந்து எழுபது வருடம் வரைக்கும் உரிமை இருவருக்கும் நிற்கும். நான் இருக்கும் ஒவ்வொரு வருடமும் அக்காவின் வரிகளுக்கும் ஒரு வருடம்.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பாதிப் பாட்டு. பொறாமையும் இன்னும் போகவில்லை. ஆனால் அடுத்த போட்டியில் "நிரோஜினியின் பாட்டு" என்று அறிவித்தால், கூடாரத்தை விட்டு வெளியே வந்து, "எங்கட ரெண்டு பேரின்ர பாட்டு" என்று சொல்வேன். மைக்கில் சொல்வேன், அக்கா.