ஏழாம் இடத்து ஓம்

என் மேசை லாச்சியில் ஒரு கசெற் கிடக்கிறது. அதன்மேல் நீல மையில் 'இடம் 7' என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்துத்தான். அதைப் போட்டுக் கேட்பதற்கென்றே பழைய ரேப் றெக்கோடர் ஒன்றையும் எறியாமல் வைத்திருக்கிறேன். வீட்டில் ஆட்கள் இருக்கும்போதுதான் கேட்பேன். தனியே கேட்க இன்றைக்கும் பயம்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்டில் எங்கள் தெருவிலேயே ஓர் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்தார், பறவைகளை ஆராய்பவர். பசிபிக் சமுத்திரத்தில் ஒரு சின்னஞ்சிறு தீவுக்குப் போய், அங்குள்ள காட்டுப் பறவைகளை எண்ணிவிட்டு வந்திருந்தார். எண்ணுவதென்றால் பறவைக்குப் பின்னால் ஓடுவதல்ல. குறித்த இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் பதிவது. ஓயாத மழையில் கொப்பி ஊறிப்போனதால் எல்லாவற்றையும் தமிழிலேயே கசெற்றில் சொல்லிவைத்திருந்தார். அதைக் கேட்டுத் தாளில் நிரப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. அவர் போனதே முக்கியமாக ஒரு புறாவுக்காக. பல வருடமாக அங்கே ஒருவரும் காணாத புறா. அது இன்னும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

அவருடைய பேஸ்மென்றில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். "மீன்கொத்தி ஒண்டு. தேன்குடிச்சான் ரெண்டு" என்று போகும். இடையிடையே தனக்குள் கதைப்பார். ஏழாம் இடத்தில் அவர், "மழை விட்டிட்டுதோ?" என்றார். அடித்தொண்டையில் யாரோ "ஓம்" என்றார்கள். "இனி நடப்பமோ?" "ஓம்." 'ஆம்' என்பதற்கு எங்கள் ஆட்கள் வாய் திறக்கப் பஞ்சிப்பட்டுச் சொல்லும் அதே ஓம். கூடப் போனவருக்கு வேறு பேச்சே வராதாக்கும் என்று சிரித்துக்கொண்டு, குறிப்பு என்ற இடத்தில் 'பக்கத்தில் ஆள் குரல்' என்று எழுதினேன்.

புறா இல்லை என்று அறிக்கை போய்விட்டது. அதன்பிறகு ஒரு சனிக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருந்த பின்னேரம், தேத்தண்ணி குடிக்கும்போது பகிடியாகக் கேட்டேன். "அண்ணை, உங்களோட நிண்டது ஆர்? ஓமைத் தவிர வேறொண்டும் தெரியாதோ அவருக்கு?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நான் தனியத்தான் நிண்டனான்."

கசெற்றைப் போட்டோம். ஹெட்போனில் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லையென்று தலையாட்டினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, அறை முழுக்கக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, "இப்ப கேக்குதோ?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் றெக்கோடர் "ஓம்" என்றது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அண்ணைக்கு அதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டார்.

"அந்தப் புறா அப்பிடித்தான் கூப்பிடுமாம்" என்றார் மெல்ல. "செவிடன் காதில ஊதின சங்கெண்டு சொல்லுறது என்னைத்தான்." தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் தன் காதை விட்டுப் போனது அன்றைக்குத்தான் அவருக்கே தெரியவந்தது. பறவைகளைக் காதால் எண்ணிச் சீவித்த மனிதர்.

கசெற்றின் பிரதியை, அறிக்கை போன இடத்துக்கே அனுப்பினார். கேள்விக்குப் பதில் சொல்வது பறவையாக இருக்க முடியாது, உங்கள் தாளிலேயே ஆள் குரல் என்றுதானே இருக்கிறது என்று பதில் வந்தது. என் கையெழுத்தே அவருக்கு எதிர்ச்சாட்சி. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. திரும்ப அந்தத் தீவுக்குப் போகவும் அவரால் முடியவில்லை.

அண்ணை காலமாகி இரண்டு வருடம். போன கிழமை தாளின் என் பிரதியைத் தேடி எடுத்தேன். யார் பார்த்தாலென்ன, பார்க்காவிட்டாலென்ன, 'ஆள் குரல்' என்பதை வெட்டி 'புறா, ஒன்று' என்று எழுதிவிட வேண்டும். மேலே பிள்ளைகள் நடமாடும் சத்தம் கேட்ட தைரியத்தில், கடைசியாக ஒருமுறை கசெற்றைப் போட்டேன். அண்ணை கேட்கிறார்: "இஞ்சை ஆரும் நிக்கிறியளோ?"

"ஓம்."

பேனையை மூடிவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் காதுக்கு அது ஆள் குரல்தான்.