காட்டைப் பார்த்துக் கதவு வைத்த கடை

புதிதாகச் சீவிய முளைக்குச்சிகளில் வெள்ளைச் சாயம் காய்கிற வாசனை... ரோடு வரவிருந்த கோட்டில், காட்டுக்குள் அவற்றை வரிசையாக அடித்துக்கொண்டே போனோம்.

நண்பர்களே, சென்ற முறை 1936 என்று எழுதிவிட்டேன். பிழை. 1937, மார்ச் மாதம். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், மாசாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கடற்கரை வரை ரோடு போட அளவெடுத்தோம். நான் சர்வே கிராணி, அதாவது நில அளவைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது மாதம், வயது இருபது.

முளைகளைப் பார்த்ததுமே தோட்டத்துக் காப்பிக்கடை முனியம்மாள், கையிருப்பையெல்லாம் போட்டுக் கடையைப் பிரித்து, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு முதுகு காட்டி, வரப்போகும் ரோட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார். வாசலுக்கு நேரே இருந்த முளைக்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தார்.

ஆகஸ்டில் ராணுவத்திடமிருந்து உத்தரவு வந்தது. ரோடு கிடையாது. எதிரி கரையிறங்கினால் அவனுக்கே அது வழியாகிவிடுமாம். காடு காடாகவே இருக்கட்டுமாம். எங்கள் ஆட்களும் ரோடு ரோலரும் பீரங்கி மேடைகளுக்குத் தார் ரோடு போடப் போய்விட்டார்கள். முளைகளைப் பிடுங்க, நான் ஒருவன் மட்டும் கூடாரத்தில்...

"பொண்ணு பாத்துட்டு ஓடுறவன் மாதிரில்ல ஓடுறீங்க, கிராணி!" என்றார் முனியம்மாள்.

"மேலிடத்து உத்தரவு அம்மா. காடு இருந்தாத்தானாம் சிங்கப்பூருக்குப் பாதுகாப்பு."

"அப்ப எங்களுக்கு?"

மஞ்சள் பூசிய முளையருகே குனிந்தேன்.

"அத விட்டுட்டுப் போறீங்களா, இல்ல அதுவும் எதிரிக்கு வழி காட்டுமா?"

பட்டியலில் ஒன்று குறையக் கூடாதே என்று அதையும் பிடுங்கினேன்.

கடையைத் திருப்பிக் கட்ட அவரிடம் காசில்லை. வாசலுக்குச் சேற்றில் சுற்றிவர யாருக்கும் மனமில்லை. லயத்து ஆட்கள் வேறு கடைக்குப் போனார்கள். மூன்று வாரம், நான் மட்டுமே அந்தப் பெஞ்சில். எதிரே காடு. காப்பியை வைத்துவிட்டு அவரும் மரங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்... பேச மாட்டார். எனக்கோ அங்கே பேச வேறு ஆளே இல்லை.

செப்டம்பரில் எனக்குக் கெலாங் பாத்தாவுக்கு மாற்றலாயிற்று. வருடக் கடைசியில் அவர் கடையை மூடிவிட்டுப் ரப்பர்ப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

இன்று அதே இடத்தில், பாசிர் கூடாங் போகும் ஹைவேயில் ஃபேக்டரி பஸ்கள் பறக்கின்றன. இரு பக்கமும் கடைகள். எல்லாம் ரோட்டைப் பார்த்தபடி.

"அப்பா, அப்ப இங்க என்ன இருந்துச்சு?" என்று கார் ஓட்டும் மகன் கேட்கிறான்.

"காடு" என்கிறேன்.

முனியம்மாளை அறிந்த இன்னொருவர் காரில் இருந்திருந்தால், மேற்கொண்டு பேசியிருப்பேன்.