பொடி இல்லாத கிளி

பொடி என்றாலே எனக்குக் கை பரபரக்கும். சிவகாசியை அடுத்த தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாக போர்மேன் வேலை. தரையில் துளி மருந்துத் தூள் சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி விடாது. ஜன்னல் கம்பி, மின்விசிறி, டிவி எதையும் சும்மா விடமாட்டேன்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு காக்டீல் கிளி வந்து சேர்ந்தது. ஆமத்தூரில் ஷெட் போட்டுக் கூண்டுப் பறவை வளர்த்து விற்கிற என் மனைவியின் தங்கை கொடுத்தது. ஒரு தடவை உடம்பைச் சிலுப்பினால் வெள்ளைப் பொடி பறக்கும். பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? கூண்டைத் துடைத்தேன். அப்புறம் கிளியையே துடைத்தேன், தினமும் காலையில், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால். கிளி கத்தும். நான் கேட்டால்தானே.

தீபாவளிக்கு எங்கள் தெருவின் வெடிச் சத்தத்தை அது தாங்காது என்று ஒரு வாரம் ஆமத்தூர் ஷெட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்த கொஞ்ச நாளில் நெஞ்சுச் சிறகு உதிரத் தொடங்கியது. மிச்சச் சிறகும் நைந்து கிடந்தது.

விருதுநகரில் பறவைகளைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் சிறகுக்குள் விரலை விட்டுத் தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தார். “பொடியே இல்லையே” என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவர் முகம்தான் சரியில்லை.

இந்த வகைக் கிளிக்குப் பொடி இருந்தே ஆக வேண்டுமாம். பொடியும் போய் சிறகும் கொட்டினால், சிறகையும் அலகையும் அரிக்கிற ஒரு வைரஸாக இருக்கலாமாம். கூட இருக்கிற கிளிகளுக்கெல்லாம் ஒட்டுமாம், மருந்து கிடையாதாம். “டெஸ்ட் எடுக்காம எதுவும் சொல்ல முடியாது. வேற பறவைகளோட விட்டிருந்தீகளா?” என்று கேட்டார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் விட்டிருந்ததைச் சொன்னேன். ஆமத்தூர் ஷெட்டில் நூறு பறவைக்கு மேல் இருக்கும். மனைவியின் தங்கை தன் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பதே அதை வைத்துத்தான். சோப்புத் துணியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதைத் தப்பு என்று நினைத்தால்தானே சொல்லத் தோன்றும்?

டாக்டரம்மா வேரோடு இரண்டு சிறகைப் பிடுங்கினார். நகத்தைத் துளி வெட்டி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் வைத்தார். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தார். கூரியர் கடைக்காரர் என் முகவரியைப் படித்துவிட்டுக் கவரை அமுக்கிப் பார்த்து, “சிவகாசிக்காரரா? உள்ள வெடி கிடி இல்லையே?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். “சரிக்கா, ரிசல்ட் வரட்டும்” என்று வைத்தவள், அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. கோபம் நியாயம்தான். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். “வைரஸ் இல்ல. பயப்படாதீக.” பிறகு, “இத எதுல குளிப்பாட்டுறீக?” என்று கேட்டார். சொன்னேன்.

“தினமுமா?”

ஐந்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சோப்புப் போட்டுப் போட்டுப் பொடி போய், சிறகு நைந்து, கிளி தானே கொத்திப் பிடுங்கியிருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அன்று மத்தியானமே பைக்கில் ஆமத்தூர் போனேன். மனைவியின் தங்கை கூண்டுகளுக்குத் தினை வைத்துக்கொண்டிருந்தாள். வைரஸ் இல்லை என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“எங்களால உனக்கு எம்புட்டுக் கஷ்டம். நீ கோவப்பட்டதுல தப்பே இல்லம்மா” என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “கோவமா? நான் குடுத்த கிளில்ல அத்தான் அது? எங்க ஷெட்டு நோயத்தான் உங்க வீட்டுக்குக் குடுத்துவிட்டுட்டேனோன்னு பயந்துபோயி கெடந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அக்கா போன எடுப்பேன்?”