மூன்றாம் எண் ஆட்டக்காரரின் முழங்கால்

நான் வானொலிக்குப் போனது மாதர் நிகழ்ச்சியில் நேயர் கடிதம் வாசிப்பதற்காக. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. பகலில் பீச் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. வாரத்தில் இரண்டு நாள், அலுவலகம் முடிந்ததும் பஸ் பிடித்து நிலையத்துக்குப் போவேன். கடிதங்களைப் பிரித்து, எழுத்துப் பிழைகளை மனத்துக்குள்ளேயே திருத்திக்கொண்டு வாசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன்.

வீடு என்றால் மருத்துவமனைக் கிராணிகளுக்கான குவார்ட்டர்ஸ். அப்பா அங்கே கிராணி, அதாவது எழுத்தர். அக்காமார் இருவரும் கல்யாணமாகிக் கோலாலம்பூர் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் ஒரு திடலைப் பார்த்திருந்தது. மாநிலக் காற்பந்துக் குழு சாயங்காலங்களில் பயிற்சி எடுத்தது அந்தத் திடலில்தான். பத்து வயதிலிருந்து பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் பந்தைப் பார்த்து ஓடுகிறார், யார் இடத்தைப் பார்த்து ஓடுகிறார், யாருக்கு இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது எல்லாம் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அதனால் குழாய்ச் சத்தத்தோடு சத்தமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நிலையத்தில் என் தட்டெழுத்தைப் பார்த்த தமிழ்ப் பகுதி அதிகாரி, காற்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு அரங்கத்துக்கு வரச் சொன்னார். நேர்முக வர்ணனை செய்தவர் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளி ஆசிரியர். ஐம்பது வயதுக்காரர், நல்ல குரல். அவர் வாயில் பந்து சும்மா உருளாது, 'வானத்தைக் கிழித்துக்கொண்டு' வரும்.

ஒரு சனிக்கிழமை அந்த ஆசிரியர் வந்து சேரவில்லை. அப்போது எங்கள் தீவுக்குப் பாலம் கிடையாது. அக்கரையில் ஏதோ கோளாறு, ஃபெரி கிளம்பவில்லை என்று தகவல் வந்தது. ஆட்டம் ஐந்து மணிக்கு. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்கு ஆட்டம் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"அப்ப பேசு லா. அவர் வர்ற வரைக்கும்."

"நான் பேசினா கேப்பாங்களா சார்?"

"கேக்காட்டி ரேடியோவ அடைச்சிட்டுப் போறாங்க. மைக்க சும்மா விட முடியாதில்ல."

அன்று ஆசிரியர் வரவேயில்லை. தொண்ணூறு நிமிடமும் நானே பேசினேன். முதல் கால் மணி நேரம் என் குரல் என் காதிலேயே அன்னியமாக விழுந்தது. அதன்பிறகு அடுப்படி ஜன்னலில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன், வார்த்தை தானாக வந்தது. இரண்டு கோல். இரண்டுக்கும் கத்தினேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா நாளிதழை இறக்கவில்லை.

"ஆம்பிளையளின்ர விளையாட்டுக்குள்ள உனக்கென்ன வேலை?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏன் பிள்ளை அப்பிடிக் கத்தினனீ? ஆரோ உன்னை அடிக்கிற மாதிரிக் கிடந்தது. தொண்டை நோகுதே?" என்றார்.

அடுத்த வாரம் நிலையத்துக்கு நிறையத் தொலைபேசி அழைப்புகள் வந்ததாம். நன்றாக இருந்தது என்றவர்களும் உண்டு. "பொம்பள சொன்னா கோல் விழுந்த மாதிரியே இல்ல" என்றவர்கள்தான் அதிகம். அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். வர்ணனை ஆசிரியருடையது. இடைவேளையில் ஐந்து நிமிடம், ஆட்டம் எப்படிப் போகிறது, பிற்பாதியில் என்ன எதிர்பார்க்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். அதோடு நடுநடுவே ஆசிரியர் கேட்டால் ஒரு வார்த்தை.

அப்படி இரண்டு பருவம் போனது. வர்ணனையாளர் அறை கூரைக்கு அடியில், ஒடுக்கமான மரப்படிகளுக்கு மேலே இருந்தது. ஒரு பெஞ்சில் மலாய் வர்ணனையாளர்கள், பக்கத்தில் நாளிதழ்க்காரர்கள், ஓரத்தில் நாங்கள். ஆசிரியர் மரியாதையானவர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் உள்ள நாற்காலியில் தன் பையை வைப்பார். ஆட்டம் முடிந்து அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை அது அங்கேயே இருக்கும். அந்தப் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சனிக்கிழமைகளில் பகல் பன்னிரண்டு மணிக்குமேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை. ஐந்து நிமிடம் பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் எல்லாரும் அரங்கத்துக்கு எதிரே தேநீர் விற்ற மாமாக் கடைக்குப் போவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒன்றாக. சில நாள் ஆட்டக்காரர்களும் வந்து சேருவார்கள். படிகளில் அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குவது எனக்குக் கேட்கும். "வர்றீங்களா?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததை அவமரியாதை என்றும் சொல்ல முடியாது. கேட்டிருந்தால் அதுதான் அந்தக் காலத்தில் தப்பாகத் தெரிந்திருக்கும். நான் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன்.

எங்கள் குழுவில் மூன்றாம் எண் சட்டை போட்டவர் ஒரு தமிழர். இடது பக்கத் தற்காப்பு. பத்து காவான் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அரங்கத்தில் இருக்கும் தமிழர்கள் பாதிப்பேர் அவருக்காகத்தான் டிக்கெட் எடுத்தார்கள். பந்து அவர் காலுக்குப் போனாலே கூட்டம் எழுந்து நிற்கும். ஆசிரியரும் அவருக்கென்று தனியாகச் சில அடைமொழிகள் வைத்திருந்தார்.

ஒருநாள் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவர் இடது காலை ஊன்றித் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைத்து, வலது காலில் சுற்றினார். ஒரு தடவை என்றால் தற்செயல். நான்கு தடவை எண்ணினேன். எதிராளி அதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இடைவேளையில் ஆசிரியர் வழக்கம்போல், "நமது தற்காப்பு அரண் எப்படி?" என்று கேட்டார்.

சொன்னேன். "மூன்றாம் எண் ஆட்டக்காரருக்கு இடது முழங்காலில் வலி இருக்கிறது. அந்தக் காலை அவர் ஊன்றவில்லை. அவரை மாற்றாவிட்டால் பிற்பாதியில் அந்தப் பக்கமாகத்தான் கோல் விழும்."

ஆசிரியர் சட்டென்று மைக்கைக் கையால் பொத்தினார். "ஏம்மா..." என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, ரசிகர்களின் உற்சாகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பிற்பாதியில் கோல் விழுந்தது. அந்தப் பக்கமாகத்தான். எதிராளி உள்பக்கமாக வெட்டினான். நம்மவர் திரும்ப முயன்றார், முடியவில்லை. புல்லில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். தோற்றோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோல் விழுந்த கணத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் சொன்னது நடந்தது என்ற சந்தோஷம். யாராவது என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரம் வந்த கடிதங்களை வழக்கம்போல நானே பிரித்தேன். மாதர் நிகழ்ச்சிக்கு வந்ததைவிட எனக்கு வந்த வசவு அதிகம். நம் இனத்துப் பையனை நம் வானொலியிலேயே காட்டிக்கொடுத்தவள் என்று எழுதியிருந்தார்கள். காட்டிக்கொடுத்தவள் என்ற சொல் எனக்குப் புரியவில்லை. வலியைப் பார்த்தேன், சொன்னேன். அதில் காட்டிக்கொடுக்க என்ன இருக்கிறது?

அடுத்த ஆட்டத்தில் பட்டியலில் மூன்றாம் எண்ணுக்கு நேரே வேறு பெயர் வந்திருந்தது. ஆசிரியர் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"மாநிலக் குழுவோட கமிட்டியில நம்ம தமிழர் ஒருத்தர் இருக்கார். வீட்டுல ரேடியோ கேட்டிருக்கார். மறுநாளே அந்தப் பையன டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க."

"நல்லதுதானே சார்? வலியோட எதுக்கு ஆடணும்?"

"அந்தப் பையன் ஒரு அரசாங்க இலாகாவுல தற்காலிக வேலையில இருக்கான்மா. அந்த இலாகாக் குழுவுக்கு ஆடுறதாலதான் வேலையே. வருஷக் கடைசியில நிரந்தரம் பண்றதா சொல்லியிருந்தாங்க. ரெண்டு மாசம் எப்படியாவது ஓட்டிட்டா போதும்னு இருந்தான். முழங்கால் விஷயம் எங்க எல்லாருக்கும் தெரியும். கடையில பேசிக்கிட்டதுதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

"எந்தக் கடையில?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நான் பார்த்ததைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, பேசி, வாயை மூடிக்கொள்வதென்று தேநீர்க் கோப்பைகளுக்கு மேலே முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு நடந்துபோன ஒருத்திக்கு மட்டும் அந்த முடிவு வந்து சேரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் அலுவலகத்துப் பையன்கள் யாரோ என்னைத் தேடுவதாகச் சொன்னார்கள். படிக்கட்டில் அந்த மூன்றாம் எண் ஆட்டக்காரர் நின்றிருந்தார். திடலில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"அக்கா, நீங்கதான் ரேடியோவுல பேசினதா?"

"ஆமா தம்பி."

ஒரு படி மேலே ஏறி வந்தார். பிறகு, "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

கூடுதல் அடியைச் சொன்னேன். படியிலேயே அதைச் செய்து காட்டினேன், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவர் என் காலையே பார்த்தார். "இல்லக்கா, தோளும் காட்டிக்கொடுத்திருக்கும். நான் முன்னாடியே தோளத் திருப்பிட்டேன்" என்றார். அப்படியா என்று கேட்டேன். அவரும் நின்று செய்து காட்டினார். பிறகு அந்த எதிராளியைப் பற்றி, ஈரத் திடலில் பந்து எப்படி நழுவும் என்பதைப் பற்றி, எங்கள் கோல் காவலர் எப்போது முன்னே வருவார் என்பதைப் பற்றியெல்லாம் பேசினோம். இருபது நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் ஒரு மனிதரோடு நேருக்கு நேர் காற்பந்து பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசியில்தான் கேட்டேன். "வேலை?"

"மாசக் கடைசியோட போதும்னுட்டாங்க."

"என்மேல கோபம் இருக்கும்."

"இருக்குக்கா. அதான் வந்தேன். என்ன கேக்கணும்னு பஸ்ஸுல யோசிச்சிக்கிட்டே வந்தேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னது தப்பில்ல. ஆனா சொல்லியிருக்க வேணாம்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். மேலேயிருந்து அலுவலக மணி அடித்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப்போனார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த ஆட்டம் முடிந்ததும் நானாகவே படியிறங்கி மாமாக் கடைக்குப் போனேன். பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆசிரியர் எனக்கு ஒரு தே சொன்னார். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஃபெரி வரிசையைப் பற்றிப் பேசினார்கள். என் அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவர் விசாரித்தார். காற்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதி தேநீரோடு எழுந்தேன். நான் சாலையைக் கடப்பதற்குள் கடையில் பழையபடி சத்தம் கிளம்பிவிட்டது. மறுபடி போகவில்லை.

வர்ணனையை விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "விட்டிட்டு என்ன செய்யப் போறாய்?" என்றார். அம்மா அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். தொடர்ந்தேன். ஒரு மாற்றம் மட்டும் செய்துகொண்டேன். இடது பக்கம் திறந்து கிடக்கிறது என்பேன், ஏன் திறந்து கிடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவேன், உடம்பைப் பற்றிப் பேச மாட்டேன். அது நியாயமா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குள் முடிவாகவில்லை. அது தெரிந்திருந்தால் தூக்கம் நன்றாக வந்திருக்கும்.

ஆசிரியர் ஓய்வு பெற்றதும் முழு வர்ணனையும் என்னிடம் வந்தது. அதற்குள் நேயர்கள் பழகிவிட்டிருந்தார்கள், அல்லது சலித்துவிட்டிருந்தார்கள். அப்பா அந்த ஆண்டுகளில்தான் காலமானார். அவர் ஒரு ஆட்டமாவது கேட்டாரா என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவும் நானும் ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம். அந்த அடுப்படி ஜன்னலுக்கு வெளியே எதிர் ஃபிளாட்டின் துணிக்கொடிகள்தான் தெரிந்தன.

எண்பதுகளின் நடுவில் தமிழில் நேர்முக வர்ணனையை நிறுத்தினார்கள். எல்லாரும் தொலைக்காட்சியில் பார்க்கிறார்களாம். புது அதிகாரி தொலைபேசியில் சொன்னார், குரல் இளசு. "இத்தனை நாள் செஞ்சதுக்கு நன்றிங்க" என்றார். நானும் நன்றி சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு உடுத்திக்கொண்டு நின்றேன். எங்கே போவது என்று தெரியாமல் கடைசியில் அரங்கத்துக்கே போய், டிக்கெட் எடுத்து, பொது இருக்கையில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து பார்க்கத் திடல் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுத் தமிழர், அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய நண்பர்.

"யார்கூட வந்தீங்க?" என்று கேட்டார் அவர்.

"தனியாத்தான்."

முதல் பாதி முழுவதும் வாயைத் திறக்கவில்லை. பிற்பாதியில் எங்கள் வலது ஓரத்துப் பையனுக்குப் பந்து போனபோது அடக்க முடியவில்லை. "இப்ப பாருங்க, வெளிய போக மாட்டான், உள்ளதான் வெட்டுவான்" என்றேன். அவன் உள்ளே வெட்டி, கோல் கம்பத்தில் அடித்தான்.

"அட!" என்றார் பக்கத்தில் இருந்தவர். என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "பார்த்தியா, உள்ள வெட்டினான்!" என்று நண்பரின் தொடையில் தட்டினார். இரண்டு பேரும் அதைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. கூட்டம் வடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வேலையாட்கள் கோல் வலையை அவிழ்க்க ஆரம்பித்ததும் எழுந்து, ஆயர் ஈத்தாம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.