கம்பிவேலிக்குள் போன கிணறு

தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிப்பது எப்படி என்று ஊர்ச்சனத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்களைப் பயிற்றுவிப்பது யுத்த நாட்களில் என் வேலை. கொழும்பில் அச்சடித்து வந்த கையேட்டின் முதல் பாடம், ஒவ்வொரு தொண்டரும் தன் ஊரைப் படமாக வரைய வேண்டும் என்றது. கிணறு, குளம், வீடு, பாதை எல்லாம் வர வேண்டுமாம். அதை எழுதிய மகராசன் ஒரு நாளாவது பையைத் திறந்து காட்டிக்கொண்டு ஆமிச் சென்றிக் காவலரணைத் தாண்டியிருந்தால் அந்தப் பாடத்தைத் தொட்டே இருக்க மாட்டார்.

என் தொண்டர்களில் கெட்டிக்காரி ஒரு பாலர் பாடசாலை ரீச்சர். நிலாவெளிப் பக்கத்துக் கரையோர ஊர். கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் பயிற்சிக்கு வருவாள். அவளுடைய ஊர் மணல்தரை. மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர், அதன் அடியில் உப்பு. வாளியால் அள்ளினால் ஊற்றுத் தாங்கும். மோட்டர் போட்டு இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஊரிலேயே நல்ல கிணறு ஆமி முகாமின் கம்பிவேலிக்குள் போய்விட்டது. அங்கே விடிந்தால் பொழுதுபட்டால் மோட்டர்தான், தண்ணீர் ஏற்றும் பவுசர்தான். வேலிக்கு வெளியே இருந்த கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுக்கொண்டு வந்தன.

கடைசி நாள் வகுப்புக்கு நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் மடியில் சுருட்டிய படம் இருந்தது. சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். பைகளைக் கிண்டிய சிப்பாய் படத்தை மேசையில் விரித்தான். அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். நல்ல கிணறுகளுக்கு நீலம், உப்பானவற்றுக்குச் சிவப்பு. நடுவில் முகாம். வேலி, வாசல், உள்ளே இருந்த கிணறு, ஒன்றையும் விடவில்லை பாவி.

எங்களை நிறுத்திக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். சென்றிக்குப் பொறுப்பான பெரியவர் வந்தார். அரைகுறைத் தமிழில், "இது யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான் சேர்."

"யார் போடச் சொன்னது?"

"நான்தான் சொன்னனான் சேர். இது தண்ணி வகுப்பு," என்றேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

தறப்பாள் கூரையின் கீழ் ஒரு மரவாங்கில் இருத்தினார்கள். எழும்பக் கூடாது, கதைக்கக் கூடாது. ஓரத்தில் தண்ணீர் நிரப்பிய பரல் இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. வெயில் ஏற ஏற எனக்குக் கோபம் கையேட்டின் மேலும் என் மேலும் மாறி மாறி வந்தது. பக்கத்தில் அவள் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மார்பை மூடினாள். சட்டை நனைந்திருந்தது.

"பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம், ரீச்சர்," என்று என்னிடம் வாய்க்குள் சொன்னாள்.

இவளை எங்கேயாவது ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அந்த மாமியின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? வேறு எதையும் யோசிக்க என்னால் ஏலவில்லை.

மத்தியானம் திரும்பிய பிறகு பெரியவர் எங்களைக் கூப்பிட்டார். படத்தின் நடுவில் விரலை வைத்து, "இந்தக் கிணறு ஏன் போட்டது?" என்றார்.

தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லடி, கோணேசரே, இவளைச் சொல்லவை என்று மனதுக்குள் மன்றாடினேன். அவள் நிமிர்ந்து நின்றாள், வகுப்பில் நான் பழக்கிவிட்டபடியே.

"சேர், இதை விட்டிட்டா மற்றக் கிணறுகள் ஏன் சிவப்பெண்டு விளங்காது. மோட்டர் ஓட ஓட உப்பு ஏறும். இப்ப எங்கட கிணறு. பிறகு உங்கட கிணறும் குடிக்க ஏலாமப் போயிடும்."

அவர் சவர பிளேட் ஒன்றை எடுத்து முகாமை மட்டும் நாலு பக்கமும் வெட்டி, மடித்துச் சட்டைப்பையில் போட்டார். நடுவில் ஓட்டையாகிப்போன மிச்சத்தை அவளிடம் தந்தார். அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு, கிழமைக்கு ஒருதரம் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்.

"இனி இந்தப் படம் வேணாம். இந்தக் கதையும் வேணாம்."

வகுப்புக்குப் போகவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். இறங்கியதும் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினாள்.

அடுத்த மாதம் அவளுடைய ஊரிலேயே வகுப்பு. பாலர் பாடசாலைக்குள் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் பின்னால் இருந்தேன். படம் இல்லை. அரை வாளியில் குளிக்கலாம், பாத்திரம் கழுவின தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம் என்று நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு போனாள். வேலிப் பக்கம் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலால் அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள். "அதெல்லாம் சரி பிள்ளை, எங்கட கிணறுகள் ஏன் உப்பாப் போச்சுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கையேட்டைப் புரட்டினேன். வாசலால் எட்டிப் பார்த்தாள்.

"கனக்க இறைச்சா உப்பு வரும் அக்கா."

"ஆர் கனக்க இறைக்கிறது?"

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நாங்கள்தான் அக்கா," என்றாள்.

கேட்டவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. மெல்லத் தலையாட்டினாள்.

"ஓம் பிள்ளை, நாங்கள்தான்," என்றாள். பக்கத்தில் இருந்தவளும் "ஓம், நாங்கள்தான்" என்றாள். பின்வரிசை வரைக்கும் எல்லோரும் அதையே சொன்னார்கள்.